மஞ்சள் சட்டைப் பையன்

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பது மணி கூட ஆகவில்லை, ஒரு பதினாலு வயசுப் பையனை அழ வைத்துவிட்டேன். யார் பெற்ற பிள்ளையோ. மஞ்சள் சட்டை, கறுப்பு டவுசர், முழங்கால் வரை இழுத்துவிட்ட கறுப்பு சாக்ஸ், கழுத்தில் விசில். என் மகள் ஆடிய ஆட்டத்துக்கு அவன்தான் ரெஃப்ரி.

இதை வாட்ஸப் குழுவில் சொன்னபோது தோழிகள் ரெண்டு பேர், "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கத்துவாரு" என்று சிரிப்பு பொம்மை போட்டார்கள். "சரி, பதிவா எழுதாத, மானம் போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர். போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டல்லாஸுக்கு வடக்கே, பிளேனோவில். செப்டம்பரில் இங்கே காலை எட்டு மணிக்கே முதுகு நனைந்துவிடும். சனிக்கிழமை ஆனால் பூங்கா முழுக்கச் சின்னச் சின்ன மைதானங்கள், கோட்டோரத்தில் மடக்கு நாற்காலிகள், சக்கரம் வைத்த ஐஸ் பெட்டிகள், குடைகள், காப்பிக் குவளையோடு நாங்கள். மகளுக்கு ஒன்பது வயது. பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவு என்பதால் பக்கத்துக்கு ஏழு பேர். பணம் கட்டினால் எந்தப் பிள்ளையும் ஆடலாம் என்கிற சாதாரண லீக். தோற்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அதை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை எல்லாரும் ஒத்துக்கொள்வோம்.

அன்றைக்கு 2-2. கடைசி அஞ்சு நிமிஷம். எங்கள் பிள்ளைகள் மொத்தமும் கோல் அடிக்கும் ஆசையில் மேலே ஏறிவிட்டார்கள். எதிரணியில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பாதியில் தனியாக நின்றாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவில் எங்கள் கோலி மட்டும். பந்து நீளமாக வந்தது. ஓடினாள், போட்டாள். 3-2.

நான் நாற்காலியை விட்டு எழுந்ததே எனக்குத் தெரியாது.

"ஆஃப்சைட்! ரெஃப், ஆஃப்சைட்!"

பையன் நடுவட்டத்தைக் கை காட்டினான். கோல்தான். நான் விடவில்லை, கோட்டை ஒட்டி அவன் கூடவே நடந்தேன். ரூல் தெரியுமா, யார் உனக்கு விசில் கொடுத்தது என்று ஆரம்பித்து, ஆங்கிலம் தீர்ந்துபோன இடத்தில் ஊர்த் தமிழ் வந்தது.

"ஏலேய், ஒனக்குக் கண்ணு தெரியாதா? பாக்கத் தெரியலன்னா எதுக்குலே விசில மாட்டிட்டு வந்த?"

அங்கே ஒரு ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். அந்தத் தமிழ் ஒருத்திக்குத்தான் புரிந்தது. எட்டாம் நம்பர் சட்டைக்காரி, நடுவட்டத்துப் பக்கத்தில், ஷூ முனையால் புல்லைக் கிளறிக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வரிசையாகக் கை தட்டிக்கொண்டு போனார்கள். குட் கேம், குட் கேம், குகேம், குகேம். பையன் கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலியைப் பார்த்தபடி நின்று, சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். வியர்வை என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. அடுத்த கால் மணி நேரத்தில் அதே மைதானத்தில் அவனுக்கு இன்னொரு ஆட்டம். திரும்பி வந்து, புது அணிகளின் ஷின் கார்டைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.

காரில் சிக்னல் தாண்டியபிறகுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அவன் சொன்னதுதான் கரெக்ட்."

"என்ன கரெக்ட்? அவ ஹாஃபைத் தாண்டித்தானே நின்னா?"

"நீலக் கோட்டைத் தாண்டலையே. எங்க ஏஜுக்கு ஆஃப்சைட் ஹாஃப்ல இல்ல, நீலக் கோட்டுல இருந்துதான். கோச் ஃபர்ஸ்ட் டேயே சொன்னாங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்படித்தான் இருந்தது. நடுக்கோட்டுக்கும் பெனால்ட்டி பெட்டிக்கும் சரிபாதியில் இந்த வயசுப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கோடு போடுகிறார்கள். பில்ட்-அவுட் லைன் என்று பெயர். கோலி கையில் பந்து வந்ததும் எதிரணி அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைகள் பதறாமல் பந்தைப் பக்கத்தில் கொடுத்து ஆடப் பழகட்டும் என்று. ஆஃப்சைடும் அந்தக் கோட்டைத் தாண்டினால்தான். மைதானத்தில் அன்று நீல நிறத்தில் பட்டையாக அடித்திருந்தார்கள். ஆறு வாரமாக அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஏதோ அலங்காரம் என்று நினைத்து.

எனக்குக் கால்பந்து தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் வினை.

நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில். தமிழ்நாட்டில் மற்ற இடத்தில் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், எங்கள் கரையில் பந்தைத்தான் தூக்குவார்கள். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபிக்கு ஆள் அனுப்பிய கரை அது. இந்தியன் சூப்பர் லீக் ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரர்தான். கோயில் திருவிழா என்றால் கொடியேற்றம், சப்பரம், அப்புறம் டோர்னமென்ட். அண்ணன்மார் மூன்று பேரும் ஆடினார்கள். நான் கடல் சுவரில் உட்கார்ந்து பார்த்தேன். பெண்பிள்ளை பந்தை உதைத்தால் அப்பா என்னை உதைத்திருப்பார். பார்த்துப் பார்த்தே ஆஃப்சைடைக் கற்றுக்கொண்டேன். அதனால்தான் இங்கே கிரிக்கெட்டில் ஊறிய தமிழ் அப்பாக்கள் நடுவே, எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற திமிர். மகள் பந்தைத் தலையால் முட்டாமல் ஒதுங்கினபோதுகூட "பயப்படாத, முட்டு" என்று ஒருமுறை கத்தியிருக்கிறேன். மூளை அதிர்ச்சிக்குப் பயந்து இந்த வயசுக்குத் தலையால் முட்டுவதையே அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2016-இல் எடுத்துவிட்டது. முட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். அதுவும் பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது.

கரையில் சாயங்கால ஆட்டத்துக்கு ரெஃப்ரி கிடையாது. மணலில் ரெண்டு துடுப்பை நட்டால் கோல் போஸ்ட். கரையேற்றிக் கிடக்கும் வள்ளம் ஒரு பக்கத்துக் கோடு, மறுபக்கம் கடல். கடலில் அடித்தவன்தான் நீந்திப்போய் எடுத்துவர வேண்டும். சண்டை வராமல் இருக்குமா? ஆட்டத்துக்கு நாலு முறை வரும். துடுப்புக்கு மேலே போச்சா, உள்ளே போச்சா என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். ஆனால் ஒரு சண்டையும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடிப் பார்த்ததில்லை. இருப்பது ஒரே பந்து. சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கத்திக்கொண்டே இருந்தால் ஆட்டமே இல்லை. முறையிட யாரும் இல்லாததால் அவர்களே யாராவது ஒருத்தன், "செரி, விடு, கோல்ன்னு வச்சுக்க" என்பான்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கெட்ட ஆட்டத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் எத்தனை சொல் இருக்கிறது! அழுகுணி ஆட்டம். போங்காட்டம். கள்ளாட்டம். எங்கள் ஊரில் கள்ளக்களி; களி என்றால் ஆட்டம். நல்லபடி ஆடுவதற்குத் தெருவில் ஒரு சொல்லும் கிடையாது. விளையாட்டு நேர்மை, பெருந்தன்மை எல்லாம் பரிசளிப்பு விழாவில் மைக் பிடித்தவர் சொல்வது. அதற்குத் தனியாகப் பேர் வைப்பானேன், கள்ளக்களி இல்லையென்றால் அது வெறும் களி, அவ்வளவுதான் என்று எங்கள் ஊர்ப் பெரியப்பா ஒருத்தர் தேங்காய் நாரைப் பிரித்துக்கொண்டே சொல்வார்.

அதே பையன்கள் திருவிழா ஃபைனலில் ஆடும்போது வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள். விசிலோடு ஒரு ஆள், கோப்பை, மேடை, சுற்றி ரெண்டு ஊர் ஜனம். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ஃபைனல் பாதியில் நின்றது. பெனால்ட்டி கொடுத்த ரெஃப்ரியைப் பாதிரியார் வீட்டுக்குள் வைத்துப் பூட்டித்தான் காப்பாற்றினார்கள். அவரைத் துரத்தியவர்களில் ஆட்டக்காரன் ஒருவன்கூட இல்லை. எல்லாம் மாமன், மச்சான், சித்தப்பா. அன்றைக்கு நான் சுவரில் உட்கார்ந்து, "ஆம்பளைங்க இப்படித்தான்" என்று நினைத்தேன். முப்பது வருஷம் கழித்து பிளேனோவில் தெரிந்தது, சுவரில் உட்கார வைத்திருந்ததால்தான் நான் நல்லவளாக இருந்திருக்கிறேன்.

கரையில் நடந்ததைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி ஜெர்மனியில் ஒரு லீக்காகவே நடத்துகிறார்கள் என்று பிறகு படித்தேன். ஆஹன் நகரத்துப் பக்கம் ரால்ஃப் க்ளோர் என்பவர் 2007-இல் தொடங்கியது. ஃபேர்ப்ளே லீகா என்று பெயர். மூன்றே ஏற்பாடு. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு ரெஃப்ரி கிடையாது, அவுட்டா ஃபவுலா என்று அவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். ரெண்டு அணிக் கோச்சும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்பா அம்மாவெல்லாம் ஏறக்குறைய 15 மீட்டர் தள்ளி. ஜெர்மன் கால்பந்துச் சங்கமே பிற்பாடு இதைச் சின்ன வயசுப் பிரிவுகளுக்கு எடுத்துக்கொண்டது. எனக்குப் பிடித்தது அந்த 15 மீட்டர்தான். யாருக்கும் உபதேசம் கிடையாது, உறுதிமொழிக் கையெழுத்து கிடையாது. நாற்காலியைத் தூக்கித் தள்ளிப் போடு. அந்தத் தூரத்தில் பிள்ளை முகத்தை நம்மால் பார்க்க முடியும், நம் முகத்தை அது பார்க்க வேண்டியதில்லை. எங்கள் லீக்கில் சீசன் தொடக்கத்தில் பெற்றோரிடம் ஒரு நன்னடத்தைப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் போட்டேன், படிக்காமல்.

குற்ற உணர்ச்சியா, இனிமேல் ரூல் தெரியாமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்ற ரோஷமா, தெரியவில்லை. குளிர்காலத்தில் ரெஃப்ரி பயிற்சியில் சேர்ந்தேன். பதிமூன்று வயதிலிருந்து யாரும் சேரலாம். கொஞ்சம் கம்ப்யூட்டரில், கொஞ்சம் மைதானத்தில். மைதானத்துக்குப் போன அன்றைக்கு என்னைத் தவிர எல்லாரும் பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகள். கொடியை எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கே என் வயதில் பாதிதான் இருக்கும். விசிலைச் சத்தமாக ஊது, பயந்து ஊதினால் பயம்தான் வெளியே கேட்கும் என்றார். ஊதிப் பார்த்தேன். எனக்குப் பயம்தான் கேட்டது.

மொத்தம் 17 விதிகள். பன்னிரண்டாவதில்தான் ஃபவுல், கார்டு எல்லாம். விளையாட்டுக்கு ஒவ்வாத நடத்தை என்று அதில் வருவதை 1997 வரை ஆங்கிலத்தில் 'ஜென்டில்மேனுக்கு ஒவ்வாத நடத்தை' என்றுதான் போட்டிருந்தார்களாம். பெண்பிள்ளைகள் ஆடியபோதும். என்னைச் சுவரில் உட்கார வைத்த காலத்திலும் அதுதான் ரூல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் நெதர்லாந்துச் செய்தியையும் படித்தேன். 2012 டிசம்பர், அல்மேரே என்ற ஊர். மகன் ஆடிய ஆட்டத்துக்குச் சம்பளமில்லாமல் கொடி பிடிக்கப் போன ஒரு தகப்பனை, ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அந்த வாரக் கடைசியில் நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை நிறுத்திவிட்டார்கள். வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் பையன்களோடு ஒரு பையனின் அப்பாவும் உண்டு. இங்கே அமெரிக்காவில் ரெஃப்ரியைத் திட்டினால், மிரட்டினால் இத்தனை ஆட்டம் தடை என்று நாடு முழுவதற்கும் ஒரே விதியாக 2025 மார்ச்சில் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்ட ரெஃப்ரி கையில் கலர் பட்டை கட்டிவிடுகிறார்கள், 'இது குழந்தை, பார்த்துப் பேசு' என்று. முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்கத் தோன்றும். எனக்குத் தெரியவில்லையே.

வசந்த காலத்தில் என் முதல் ஆட்டம். எட்டு வயதுப் பிள்ளைகள், பக்கத்துக்கு நாலு பேர். பாதி நேரம் ஷூ லேஸ் கட்டிவிடுவதுதான் வேலை. ஒரு பந்து ரெண்டு சிறுமிகளின் காலுக்கு நடுவில் சிக்கி, உருண்டு, கோட்டைத் தாண்டியது. கடைசியில் யார் காலில் பட்டது என்று நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் பக்கத்து மைதானத்து நாய் ஒன்று உள்ளே வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். என்ன செய்ய? கரையில் வளர்ந்தவள் கேட்பதைத்தான் கேட்டேன்.

"யார் கால்ல பட்டுப் போச்சு?"

முன்பல் ரெண்டும் விழுந்த ஒருத்தி, யோசிக்கக்கூட இல்லை, "என் கால்ல" என்றாள். அவள் தலை நிமிர்ந்திருந்தது. மழை பெய்யுதா என்று கேட்டால் பெய்யுது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல், சிரிப்போடுதான்: "அதைப் போய் ஏன் சொல்றே? அது அவங்க வேலை!"

சுற்றி நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் அப்பாவாக இருக்க வேண்டும். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். இடைவேளையில் ரெண்டு அணிப் பிள்ளைகளுக்கும் ஆரஞ்சுச் சுளை கொடுத்தவர் அவர்தான். ஆனால் அந்தச் சிறுமியின் முகம் மாறியதை நான் ரெண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். முதலில் புரியாமல் விழித்தாள். அப்புறம் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு பந்து அதேபோல் வெளியே போனது. அவள் காலில் பட்டதை இந்த முறை நானே பார்த்தேன். அவள் கையைத் தூக்கி, "எங்க பால்" என்றாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். வீட்டுக்காரர் மதுரைக்காரர், கிரிக்கெட் வெறியர். உடனே ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் கில்கிறிஸ்ட்டை இழுத்தார். 2003 உலகக் கோப்பை அரையிறுதி, போர்ட் எலிசபெத், இலங்கைக்கு எதிராக. அம்பயர் விரலைத் தூக்கவில்லை, பந்து மட்டையில் பட்டது தனக்குத் தெரியும் என்று கில்கிறிஸ்ட் நடந்து போய்விட்டார். "கிரிக்கெட்ல இருக்கிற மரியாதை உங்க ஃபுட்பால்ல கிடையாது. அங்க தொட்டா விழுந்து புரள்றான்." நான் சும்மா விடுவேனா? 1997-இல் லிவர்பூலின் ராபி ஃபௌலர், ஆர்சனலுக்கு எதிராக. கோலி டேவிட் சீமன் தட்டிவிட்டார் என்று ரெஃப்ரி பெனால்ட்டி கொடுக்கிறார். விழுந்த ஃபௌலரே எழுந்து, 'இல்லை, அவர் என்னைத் தொடவில்லை' என்கிறார். ரெஃப்ரி கேட்கவில்லை. ஃபௌலரே அடிக்க, சீமன் தடுத்தார், தெறித்து வந்ததை இன்னொரு லிவர்பூல்காரர் உள்ளே தள்ளிவிட்டார். "அப்ப கோல் ஆயிடுச்சுல்ல, என்ன பெரிய நேர்மை?" என்றார் இவர். இந்த வீட்டில் இது முடியாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது பியெல்சா கதை. 2019 ஏப்ரல் 28, இங்கிலாந்தில் லீட்ஸுக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஆட்டம். வில்லா ஆள் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, பந்தை வெளியே அடிப்பார்கள் என்று எதிரணி நின்றுவிட்டது. லீட்ஸ் தொடர்ந்து ஓடி கோல் போட்டது. அடிதடி ஆகி ஒருவர் வெளியே அனுப்பப்பட்டார். லீட்ஸ் கோச் மார்செலோ பியெல்சா தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார், அவர்களுக்கு ஒரு கோல் கொடுங்கள் என்று. எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள், போன்டஸ் யான்சன் என்ற டிஃபெண்டர் தவிர. அவர் மட்டும் ஓடி மறிக்கப் பார்த்தார். முடியவில்லை. 1-1. அந்த டிராவில்தான் ஷெஃபீல்ட் யுனைட்டட் மேல் லீக்குக்குப் போவது உறுதியானது, லீட்ஸ் இன்னொரு வருஷம் காத்திருந்தது. பியெல்சாவுக்கு ஃபிஃபா விருது கிடைத்தது. எனக்கு ஞாபகத்தில் நிற்பவர் யான்சன். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் கோல் விடாதே, விடாதே என்று பழக்கிய காலை ஒரு நொடியில் நில் என்றால் நிற்குமா?

இதையெல்லாம் மார்க் போட்டு அளக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமம். யார் வாங்கிய மஞ்சள் கார்டு குறைவோ அவர்கள் மேலே போகலாம் என்று ஃபேர் ப்ளே விதி. ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. போலந்தோடு 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான், அங்கே செனகலும் தோற்கிறது என்று தெரிந்ததும், கடைசிப் பத்து நிமிஷம் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நின்றது. கார்டு வாங்கிவிடக் கூடாதே! மைதானமே ஊளையிட்டது. நேர்மைக்காக வைத்த விதியால் வந்த முடிவு அது. நாலு நாள் கழித்து அதே ஜப்பான் பெல்ஜியத்திடம் 2-0 என்று முன்னிலையில் இருந்து 3-2 என்று தோற்றது. கடைசி கோல் கடைசி நொடிகளில். அழுதுகொண்டே போனவர்கள் உடை மாற்றும் அறையைத் துடைத்து வைத்து, ரஷ்ய மொழியில் நன்றி என்று ஒரு சீட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். இதற்கு மட்டும் புள்ளி இல்லை.

பிளேனோவுக்கு வருகிறேன். பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கிற ஆட்டம் ஒன்று இருக்கிறதே, அதுதான் உண்மையிலேயே சிக்கல். 6-0 என்று போய்க்கொண்டிருந்தால் என்ன செய்வது? எங்கள் கோச் அம்மா நல்லவர். அஞ்சு பாஸ் கொடுத்தபிறகுதான் கோல் அடிக்கணும், இடது காலால்தான் அடிக்கணும், கோலியாக நிற்பவள் முன்னால் போகலாம் என்று கிசுகிசுப்பாகச் சொல்லிவிடுவார். இது எனக்குச் சம்மதம். பந்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நின்று 'அடிச்சுக்கோ' என்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. ஒருமுறை எதிரணி எங்களுக்கு அப்படி ஒரு கோல் தானம் செய்தது. கோல் போட்ட எங்கள் பிள்ளை துள்ளவே இல்லை. "அவங்க விட்டாங்க" என்று என் மகள் காரில் சொன்ன தொனி, தோற்றதற்குக்கூட வந்ததில்லை. கரையில் இப்படி ஆனால் ஆட்டத்தை நிறுத்தி, "ஆளப் பிரிச்சுப் போடுலே" என்பார்கள். ரெண்டு நல்ல ஆட்டக்காரன் அந்தப் பக்கம் போவான், 0-0 என்று புதிதாக ஆரம்பிக்கும். லீக்கில் சட்டை கலர் வேறு வேறு என்பதால் அது நடக்காது. நடந்தால் நன்றாக இருக்கும்.

மே மாதம், சீசன் முடிய ரெண்டு வாரம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றுக்கு என்னைக் கொடி பிடிக்கப் போட்டிருந்தார்கள். பக்கத்துக்கு ஒன்பது பேர், நடுவில் ஒரு ரெஃப்ரி, ரெண்டு கோட்டிலும் ரெண்டு பேர். போய்ப் பார்த்தால் நடு ரெஃப்ரி அவன்தான். கொஞ்சம் உயரமாகியிருந்தான். மேல் உதட்டில் நிழல் மாதிரி ஏதோ. எனக்கு வயிறு கலங்கியது.

ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு வேலையைச் சொன்னான். அவுட் என்றால் திசை காட்டுங்கள், ஃபவுல் உங்களுக்குப் பக்கத்தில் நடந்தால் கொடியை ஆட்டுங்கள். அப்புறம் என்னைப் பார்த்து: "மேம், ஆஃப்சைட் ஹாஃப் லைன்லருந்து. இந்த ஏஜுக்கு பில்ட்-அவுட் லைன் கிடையாது."

எல்லாப் புது ஆளுக்கும் சொல்வதுதானா, எனக்கென்று சொன்னதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் பாதியில் ஒரு ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கினேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா, "என்ன பாக்கறீங்க? தூங்கறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். குரலின் உயரம், அவசரம், கோட்டோரமாக என்கூடவே நடந்துவரும் செருப்புச் சத்தம் எல்லாம் எனக்குப் பரிச்சயமானவை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பிடரி முழுக்கச் சூடாக இருந்தது. பையன் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி, நேராகக் கோச்சிடம் போய் ரெண்டு வார்த்தை பேசினான். கோச் அந்த அம்மாவிடம் போனார். செருப்புச் சத்தம் நின்றது.

இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன். எட்டு மாசமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோச்சு.

"போன செப்டம்பர்ல, சின்னப் பிள்ளைங்க ஆட்டத்துல, நான் உன்னைப் பாத்து ரொம்பக் கத்திட்டேன். ஆஃப்சைட்னு. நீ சொன்னதுதான் சரி. என்னை மன்னிச்சுக்கோ."

பாட்டிலை மூடியபடி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், நெற்றியைச் சுருக்கி.

"எந்த மேட்ச், மேம்?"

இந்த மைதானம்தான், காலை ஆட்டம், 3-2 என்றேன். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஸாரி, ஞாபகம் இல்ல. நிறையப் பேர் கத்துவாங்க."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மணியைப் பார்த்தான், விசிலை எடுத்து வாயருகே கொண்டு போனவன் திரும்பி நின்றான்.

"மேம், அந்த ஆஃப்சைட் கரெக்ட்தான். ஆனா கொடியை இடது கைல தூக்கினீங்க. ஆஃப்சைடுக்கு வலது கை."